ராக் சர்க்கஸுக்குப் போன கரியப்பன்

கரியப்பனைப் பற்றிச் சொல்வதென்றால் பெரிய எருதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருந்தவற்றிலேயே பெரிய மெஷின் அது. லாரிக்கு வேண்டிய தகடுகளை ஒரே அடியில் வளைத்துத் தள்ளும். கம்பெனி அதற்கு ஏதோ நம்பர் வைத்திருந்தது. எருது விடுகிற ஊர்க்காரர்களுக்கு நம்பர் எங்கே வாயில் வரும்? நாங்கள் பெரிய எருது என்றோம். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்து மாலையும் போட்டோம்.

அந்த எருதுக்கு முன்னால் நிற்பவன் கரியப்பன். பின்னால் நிற்பவன் நான், அக்பர் பாஷா. நான் தகட்டை உள்ளே வைத்துக் கையை வெளியே எடுத்து "விடு" என்று கத்துவேன். கரியப்பன் மிதியை மிதிப்பான். அடி விழும். நான் கத்துவதற்கு முன் அவன் மிதித்தால் என் கை தகடாகிவிடும். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தடவை கூட ஆனதில்லை. என் பத்து விரலும் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன. அல்லாவுக்கு அடுத்தபடி அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது கரியப்பனின் வலது காலுக்குத்தான்.

பெரிய எருதிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. கரண்டை நிறுத்தினாலும் அதன் சக்கரம் உடனே நிற்காது. கொஞ்ச நேரம் தன்பாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மிதித்தாலும் அடி விழும். ஓசூரில் அப்போது கரண்டு போகிற லட்சணத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கரியப்பன் காலைத் தூக்குகிற நேரம் பார்த்து விளக்கு அணைந்துவிட்டால், "வேண்டாம்டா" என்று நான் போடுகிற கூச்சல்தான் அவனுக்குப் பிரேக்.

மற்றபடி ஷாப்பில் வாய் பேசி ஒரு புண்ணியமும் இல்லை. எல்லா மெஷினும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் தும்மினால் கூடத் தெரியாது. எல்லாம் கைதான். இரண்டு விரலை உதட்டில் வைத்தால் டீ வந்துவிட்டது. மீசையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தால் மட்டும் விளையாட்டு இல்லை. யாரோ மாட்டிக்கொண்டான், எல்லாவற்றையும் நிறுத்து என்று அர்த்தம். அதைப் பார்த்தவன் ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. அவனும் கையைத் தூக்க வேண்டும். அவனைப் பார்த்து அடுத்தவன். சுவிட்சுக்குப் பக்கத்தில் இருப்பவன் அணைத்துவிட வேண்டும். முதலில் தூக்கியவன் கையை இறக்கும் வரைக்கும் ஒருவனும் இறக்கக் கூடாது, ஒரு மெஷினும் ஓடக் கூடாது. இது கம்பெனி போட்ட சட்டம் இல்லை. விரல் போனவர்கள் சேர்ந்து போட்ட சட்டம். அதனால்தான் யாரும் அதை மீறியதில்லை.

இனி காது விஷயத்துக்கு வருகிறேன். கரியப்பன் பாகலூர்ப் பக்கத்துக்காரன். அப்பன் வழியில் கூலி வேலை செய்த குடும்பம். கம்பெனி வந்த புதிதில் சேர்ந்தவன். பாட்டுப் பைத்தியம். தமிழ், கன்னடம், தெலுங்கு எதுவானாலும் சரி, ரேடியோவில் ஒரு தடவை கேட்டால் போதும், மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் பாடிக்கொண்டு வருவான். குரல் சுமார்தான். அதைச் சொன்னால் கோபித்துக்கொள்வான். பிறகு அந்தப் பாட்டு மெல்ல மெல்ல நின்றது. ரேடியோவின் சத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தான். ஒரு நாள் கரியப்பனின் மனைவி சாந்தம்மா என்னைத் தெருவில் நிறுத்தினாள்.

"பாய், இவருக்குக் கூப்பிட்டா கேக்கறதில்ல. தரையில காலால தட்டித்தான் கூப்பிடறேன். நீங்க அந்த மெஷின்ல இவரு எதிர்ல நிக்கறீங்க. உங்க கைய நெனச்சா எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

எனக்கு அது புதுச் செய்தி இல்லை. ரொம்ப நாளாகவே நான் "விடு" என்று கத்துவதை விட்டுத் தலையை ஆட்ட ஆரம்பித்திருந்தேன். அவன் என் தலையைப் பார்ப்பான், மிதிப்பான். நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை. வெளிச்சம் இருக்கிற வரைக்கும் தலையாட்டல் போதும். வெளிச்சம் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று இரவில் படுக்கும்போது நினைப்பு வரும். புரண்டு படுத்துக்கொள்வேன்.

தொண்ணூற்று நான்காம் வருடம், தை முடிந்த சமயம். பெங்களூரிலிருந்து ஒரு டாக்டர் வண்டியோடு வருகிறார், திங்கட்கிழமை பிரஸ் ஷாப் முழுவதற்கும் காது சோதனை என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பக்கத்துக் கம்பெனி ஒன்றில் இப்படித்தான் சோதித்து, தேறாதவர்களையெல்லாம் யார்டில் இரும்புத் துண்டு பொறுக்க விட்டார்களாம். இல்லை, வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று டீக்கடையில் இன்னொருவன் சொன்னான். டீக்கடையில் சொன்னால் அது நடந்த மாதிரிதான்.

கரியப்பனின் முகத்தில் அன்றிலிருந்து ரத்தமே இல்லை. டிபன் பாக்ஸைத் திறப்பான், அப்படியே மூடி வைப்பான். பெரிய எருதை ஓட்டியவனைத் துடைப்பத்தோடு யார்டில் நிற்க வைத்தால், நேற்று வந்த அப்ரன்டிஸ் பையன்கள் கூட அவனைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போவார்கள். நான்தான் ஒரு வழி சொன்னேன். பக்கத்துக் கம்பெனியில் சோதனைக்குப் போன ஆட்களிடம் விசாரித்து வைத்திருந்தேன். வண்டிக்குள் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு சின்ன அறை. அதில் உட்கார வைத்துக் காதில் மாட்டிவிடுவார்கள். சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். டாக்டர் சத்தம் விடும்போது அவருடைய மெஷினில் ஒரு சிவப்பு விளக்கு எரிகிறது. வெளியே வரிசையில் நிற்பவனுக்கு அது தெரியும்.

"உனக்கு அடுத்த ஆளா நான் நிக்கறேன். லைட்டு எரிஞ்சா மூக்கைச் சொறியறேன். நீ கையத் தூக்கு. அவ்வளவுதான் விஷயம்" என்று அவன் முகத்துக்கு நேராக நின்று, வாயை அகலமாகத் திறந்து சொன்னேன். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் அவன் கெட்டிக்காரன்.

சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு கண்ணுக்குப் போகவில்லை.

அந்த வாரத்தில்தான் சிப்காட் சுவர்களில் மஞ்சள் போஸ்டர்கள் முளைத்தன. ராக் சர்க்கஸ் என்று கொட்டை எழுத்து. நடந்தது என்னவென்றால், பெங்களூரில் ராக் பாடுகிற பையன்கள் சிலருக்கு அங்கே மைதானம் கிடைக்கவில்லை. போச்சம்பள்ளியில் கூட்டம் இல்லாமல், ஊத்தங்கரையில் மழையில் நனைந்து, கடைசியில் ஓசூருக்கு வந்து சேர்ந்த ஒரு சின்ன சர்க்கஸுக்குக் கூடாரம் இருந்தது, ஆள் இல்லை. இரண்டு கஷ்டமும் எல்லையில் சந்தித்துக் கைகோத்துக்கொண்டன. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் இருந்த மைதானத்தைக் கொடுத்ததற்குப் பதிலாகத் தொழிலாளர்களுக்கு இலவச பாஸ். சனிக்கிழமை சாயங்காலம்.

எனக்குப் போகிற எண்ணமே இல்லை. வாரம் முழுக்க இரும்பு அடிக்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலமும் போய் இன்னொரு இரும்புச் சத்தத்தை எவன் கேட்பான்? ஆனால் கரியப்பன் பாஸை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான்.

"செத்தவனுக்குக் கூட கேக்குமாம் பாஷா, அந்தப் பாட்டு. ஜெனரேட்டருக்குப் போற திம்மராயன் சொன்னான். ஸ்பீக்கர் ஒண்ணொண்ணும் பீரோ அளவாம்."

"அதுக்கு?"

"அங்க கேட்டுச்சுன்னா கொஞ்சமாவது காது மிச்சம் இருக்குதுன்னு அர்த்தம். டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நானே பாத்துக்கறேன். அங்கயும் கேக்கலைன்னா..." சட்டைப் பையில் இருந்த பாஸைத் தடவினான். "நீ கூட வா. எனக்கு பயமா இருக்குது."

கரியப்பன் வாயிலிருந்து பயம் என்ற வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை. போகாமல் என்ன செய்வது?

சனிக்கிழமை நாங்கள் போகும்போதே மைதானத்தில் பாதி எங்கள் ஷாப்பாகத்தான் இருந்தது. குடும்பத்தோடு வந்தவர்கள், ஷிப்ட் முடிந்து காக்கிச் சட்டையோடு நேராக வந்தவர்கள். மறுபாதி பெங்களூரிலிருந்து பைக்கில் வந்த பையன்கள். பையன்களா பெண்களா என்று பின்னாலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு முடி. கறுப்பு பனியன். அவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள், நாங்கள் அவர்களை. பிரஸ் ஷாப் ஆட்கள் எல்லோரும் கூடாரத்தின் இடது பக்கம் ஒன்றாக உட்கார்ந்தோம். எங்களுக்குப் பக்கத்திலேயே ஜெனரேட்டர் வண்டி. அதைப் பார்த்துக்கொண்டவன் எங்கள் கம்பெனி எலக்ட்ரீசியன் திம்மராயன். ஷிப்ட் இல்லாத நேரத்தில் இப்படி வாடகை ஜெனரேட்டருக்குப் போவான். எங்களைப் பார்த்ததும் இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். டீ கேட்கிறானாம். நான் போய் வாங்கிக் கொடுத்தேன்.

கூட வந்திருந்த சாந்தம்மா புருஷனின் முழங்கையை விடவே இல்லை. ஆனேக்கல் பக்கத்துப் பெண். கோபம் வந்தால் கன்னடத்தில் திட்டுவாள், பயந்தால் ஒன்றும் பேச மாட்டாள். அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

ஆரம்பித்தார்கள். என் வாழ்நாளில் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை. பெரிய எருது தேவலை, ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மூச்சு விட இடம் கொடுக்கும். இவர்கள் அதையும் கொடுக்கவில்லை. டிரம்ஸ் அடிப்பவன் அதோடு ஏதோ முன்பகை இருப்பதைப் போல் அடித்தான். பாடுபவன் எந்த மொழியில் பாடினான் என்று அவனுடைய அம்மாவுக்குத்தான் தெரியும். அதற்கு நடுவே ஒரு கோமாளி ஒற்றைச் சக்கர சைக்கிளில் சுற்றினான். ஒருவன் வாயிலிருந்து நெருப்பை ஊதினான். ஓர் ஒட்டகம் வந்து எல்லோரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, இதெல்லாம் வேண்டாம் என்று திரும்பிப் போனது. அந்த ஒட்டகத்துக்குத்தான் அங்கே புத்தி இருந்தது.

நான் இதையெல்லாம் அரைக்கண்ணால்தான் பார்த்தேன். மீதிக் கண் கரியப்பன் மேல். அவன் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, மேடையையே பார்த்தபடி இருந்தான். நெற்றியில் வியர்வை. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது நடக்கும்போது உள்ளங்கையைத் தரையில் வைத்தான், பிறகு நெஞ்சில் வைத்தான். நான் சாந்தம்மாவைப் பார்த்தேன். அவள் சேலை நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டில் அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். முகமெல்லாம் பல்.

"கேக்குது பாஷா! கேக்குது!"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சாந்தம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் தொடையில் தாளம் போட ஆரம்பித்தான்.

"தரையில தட்டறது நெஞ்சு வரைக்கும் வருது. அது மட்டுமில்ல, ஒருத்தன் நீட்டமா ஊதறான் பாரு, நாயனம் மாதிரி, விடாம. அவன்தான்டா கெட்டிக்காரன். அவன் யாரு அதுல?"

நான் மேடையைப் பார்த்தேன். கிட்டார் இரண்டு பேர், டிரம்ஸ் ஒருவன், பாடுகிறவன் ஒருவன். ஊதுகிற ஆள் யாரையும் காணோம். இந்தக் கூச்சலில் எதிலிருந்து எது வருகிறது என்று எனக்கு என்ன தெரியும்? ஒரு முடிக்காரனைக் கையைக் காட்டி "அவன்தான்" என்றேன். கரியப்பன் அந்தப் பையனைப் பார்த்து மெச்சுகிற மாதிரித் தலையாட்டினான். அந்த அரைமணி நேரம் அவன் இருந்த சந்தோஷத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. திங்கட்கிழமை பயமெல்லாம் அவனை விட்டுப் போயிருந்தது. எனக்கும் போயிருந்தது.

அப்புறம் சர்க்கஸ்காரப் பெண் ஒருத்தி ஏறினாள். பச்சை நிறச் சட்டையும் ஜரிகையுமாக இருபது வயதுப் பெண். கூடாரத்தின் உச்சியிலிருந்து தொங்கிய ஊஞ்சல் கட்டையில் ஏறி நின்றாள். கீழே வலை என்று ஒன்று கட்டியிருந்தார்கள். எனக்கென்னவோ அதன் ஓட்டைகள்தான் கண்ணில் பட்டன. பாட்டு ஏற ஏற ஊஞ்சலும் ஏறியது. பெங்களூர்ப் பையன்கள் எழுந்து நின்று கத்தினார்கள். ஊஞ்சல் உச்சிக்கு வந்த நேரத்தில் அவள் கயிற்றை விட்டாள். வெறும் காலில் கட்டையின் மேல் நின்றபடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தாள்.

அது அவளுடைய வணக்கம். எந்த ஊரிலும் அதற்குக் கைதட்டுவார்கள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பிரஸ் ஷாப்காரர்கள்.

கரியப்பன் எழுந்ததை நான் பார்த்தேன். அவன் கைகள் தலைக்கு மேலே போய்க் குறுக்கே நின்றன. அதைப் பார்த்து என் கைகளும் போயின. யோசித்தா போயின? யோசிக்கிறவனுக்கு பிரஸ் ஷாப்பில் விரல் இருக்காது. என் பின்னால் இருந்தவன் தூக்கினான், அவன் பின்னால் இருந்தவன் தூக்கினான். ஒரு நொடியில் எங்கள் பக்கம் முழுக்கக் குறுக்கே வைத்த கைகள். ஜெனரேட்டர் வண்டியில் அடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்த திம்மராயன் திரும்பினான். டம்ளரைப் போட்டுவிட்டு ஓடி சுவிட்சை அணைத்தான்.

கூடாரம் இருண்டது. பாட்டு அறுந்தது. மேலே ஒரு பெண் கயிற்றை விட்டுவிட்டு, ஓடுகிற ஊஞ்சலில் நிற்கிறாள்.

முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் அலறினார்கள். குழந்தைகள் அழுதன. யாரோ என்னை மிதித்துக்கொண்டு ஓடினான். அந்தக் கூச்சலைக் கிழித்துக்கொண்டு ஓர் ஆண் குரல், "எடது பக்கம்! எடது கையில கயிறு! புடி!" என்று விடாமல் கத்தியது. என்ன செய்துவிட்டோம் என்று அப்போதுதான் புரிந்தது. அவள் விழுகிற சத்தம் எப்போது கேட்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன், அது கேட்கக் கூடாது என்று துவா செய்துகொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் கரியப்பன் இருட்டில் என் தோளைப் பிடித்தான். நிம்மதியான குரலில் பேசினான்.

"கரண்டு போயிடுச்சு. நல்ல வேளை, திம்மராயன் பாத்து நிறுத்திட்டான். ஆனா பாரு பாஷா, பசங்க பாட்ட நிறுத்தலை பாரு. ஊதறான் பாரு இன்னும். கேக்குதா?"

நான் மேடைப் பக்கம் காதைத் திருப்பினேன். மேடையில் ஒரு சத்தமும் இல்லை. ஜெனரேட்டரும் இல்லை. ஊதுகிறவன் என்று ஒருவன் அங்கே ஆரம்பத்திலிருந்தே இல்லை. இருட்டில் அவனுக்கு நான் எதைச் சொல்வது? வாயால் சொன்னால் கேட்காது. தலையாட்டினால் தெரியாது. சாந்தம்மா எனக்கு அந்தப் பக்கம் "தேவரே, தேவரே" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

வெளியே நின்ற பைக்குகளையெல்லாம் யாரோ கூடாரத்துக்குள் திருப்பி விளக்குப் போட்டார்கள். எங்கள் கம்பெனி பஸ் டிரைவரும் பஸ்ஸைத் திருப்பினார். வெளிச்சம் வந்தது. நான் முதலில் மேலே பார்த்தேன். அந்தப் பெண் இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, கட்டையில் ஒரு காலும் காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். அடுத்த காலையும் கட்டையில் வைத்தாள். ஏணியைக் கொண்டு ஓடினார்கள்.

பிறகு கரியப்பனைப் பார்த்தேன். அவன் மேலே பார்க்கவில்லை. மேடையைப் பார்த்தான். அங்கே டிரம்ஸ்காரன் குச்சிகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றான். கிட்டார்காரர்கள் கிட்டாரைக் கழற்றிவிட்டு அந்தப் பெண்ணை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடுகிறவன் கீழே உட்கார்ந்துவிட்டான். ஒருவனும் ஒன்றையும் வாசிக்கவில்லை. கரியப்பன் ஒவ்வொருவனாகப் பார்த்தான். திரும்ப முதலிலிருந்து பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் காதைப் பொத்தினான். பொத்தியும் காதுக்குள் அந்த ஊதல் நிற்கவில்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்கப்புறம் ஆட்டம் நடக்கவில்லை. சர்க்கஸ்காரன் திம்மராயனின் சட்டையைப் பிடித்தான். நாங்கள் போய் விலக்கி, எங்கள் வழக்கத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவனுக்கு அது புரியவே இல்லை. புரியாததற்கு அவனைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெண் ஓரமாக ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். சாந்தம்மா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கரியப்பனும் போய் அவள் முன்னால் கைகூப்பி நின்றான்.

"தப்பு என்னுதும்மா. நான்தான் முதல்ல கையத் தூக்கினேன்."

அவள் அவனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ சொன்னாள். மறுபடி தலையைக் குனிந்துகொண்டு சொன்னதால் அவனுக்குப் பிடிபடவில்லை. மனைவியைப் பார்த்தான். சாந்தம்மா அவன் தாடையைத் திருப்பி, உதட்டைக் காட்டி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"கீழ இருந்து அவங்க அண்ணன் கத்தினாராம். எடது பக்கம் கயிறுன்னு. இருட்டுல ஒண்ணும் தெரியலையாம். அந்தச் சத்தம் காதுல விழுந்ததாலதான் பொழைச்சேன்னு சொல்லுது."

கரியப்பன் கூப்பிய கைகளை இறக்கினான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தான். நான் ஏனோ அவற்றை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். குளிக்கப் போயிருக்கிறான் என்றாள் சாந்தம்மா. சாயங்காலம் போனேன். தூங்குகிறான் என்றாள். அவன் கதவுக்குப் பின்னால் நின்றது எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபமும் வந்தது, பயமும் வந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று கதவைப் பார்த்து மூக்கைச் சொறிந்து காட்டிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை காலை கம்பெனி வாசலில் அந்த வண்டி நின்றது. பிரஸ் ஷாப் முழுக்க வரிசையில். தங்கள் காதைத் தாங்களே பிடித்துப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் விரலைச் சொடுக்கிப் பார்த்துக்கொண்டு நின்றோம். கரியப்பன் முறை வந்தது. சவரம் செய்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தான். என்னைப் பார்க்காமல் ஏறினான். கண்ணாடி அறையில் உட்கார வைத்துக் காதில் மாட்டினார்கள். நான் ஜன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரின் கை தெரிந்தது. சிவப்பு விளக்கும் தெரிந்தது.

விளக்கு எரிந்தது. நான் மூக்கைச் சொறிந்தேன்.

கரியப்பன் என்னைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். கையைத் தூக்கவில்லை. மறுபடியும் விளக்கு எரிந்தது. நான் மூக்கு சிவக்கிற அளவுக்குச் சொறிந்தேன். உள்ளுக்குள் அவனை வாயில் வந்தபடி திட்டினேன். தூக்குடா, ஒரு விரலையாவது தூக்குடா. டாக்டர் பேனாவை எடுத்தார்.

அப்போது கரியப்பன் தூக்கினான். ஒரு கையை அல்ல. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே வைத்தான்.

"என்னப்பா இது?" என்றார் டாக்டர்.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கைகளைத் தூக்கிக் குறுக்கே வைத்திருந்தார்கள். என் கை மட்டும் மூக்கின் மேலேயே இருந்தது. அதைத் தூக்க எனக்கு மனசு வரவில்லை. தூக்கினால் எல்லாம் முடிந்துவிடும். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கரியப்பன் என்னையே பார்த்தான், தகட்டை வைத்துவிட்டேனா என்று பார்ப்பானே அதே பார்வை. கடைசியில் தூக்கினேன். அவன் இறக்கும் வரை நாங்கள் இறக்கவில்லை. அவன் ரொம்ப நேரம் இறக்கவில்லை.

டாக்டர் கெட்ட மனுஷன் இல்லை. எங்களில் பாதிப் பேருக்குக் காது போய்விட்டது என்று எழுதினார். அத்தனை பேரையும் யார்டுக்கு அனுப்பினால் ஷாப்பை மூட வேண்டியதுதான் என்பது கம்பெனிக்கும் தெரியும். எங்களுக்குக் காதடைப்பான் கொடுத்தார்கள். கரியப்பனை மட்டும் டூல் ஸ்டோருக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும் வரை அங்கேதான் இருந்தான். சாயங்காலம் என்னோடு சைக்கிளில் வருவான். "இன்னும் ஊதறானா?" என்று உதட்டை அசைத்துக் கேட்பேன். "விடாம ஊதறான்" என்பான்.

பெரிய எருதுக்கு முன்னால் ஒரு புது ஆள் வந்தான். ஊத்தங்கரைப் பக்கத்துப் பையன், நல்ல காது. முதல் நாள் நான் தகட்டை வைத்தேன், கையை எடுத்தேன், "விடு" என்று கத்தினேன். கத்தி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. குரல் உடைந்துதான் வந்தது. கத்திவிட்டு, பழக்கத்தில் தலையையும் ஆட்டினேன். அது எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. மிதித்தான்.